எண்பத்தைந்து காசின் கோபம்

1967 நவம்பர் 18 அன்று பிரிட்டிஷ் அரசு பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. முடிவெடுத்தது லண்டன். அடி விழுந்ததோ பினாங்கில், அலமாரியிலும் தகர டப்பாவிலும் நோட்டுச் சேர்த்து வைத்திருந்தவர்கள் தலையில். அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் பேங்க் நெகாரா புதிய மலேசிய வெள்ளியை வெளியிட்டிருந்தது. பழைய நோட்டும் புதிய நோட்டும் சந்தையில் ஒன்றாகவே புழங்கின. மீன் வாங்கினாலும் வாடகை கொடுத்தாலும் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. ஆனால் பழைய நோட்டு பவுண்டோடு கட்டுண்டிருந்தது. பவுண்டு இறங்கியதும் கையிலிருந்த பழைய ஒரு வெள்ளி எண்பத்தைந்து காசு ஆனது. வங்கிப் படி ஏறாத எளியவர்களிடமும் சிறு வியாபாரிகளிடமும்தான் பழைய நோட்டு அதிகம் தங்கியிருந்தது. நூறு வெள்ளி வைத்திருந்தவருக்குப் பதினைந்து வெள்ளி போயிற்று. யாரும் அவர் வீட்டுக்குள் புகுந்து எடுக்கவில்லை.

அந்தக் கோபத்தை ஏந்திக்கொள்ள மலாயா தொழிற்கட்சி முன்வந்தது. நவம்பர் 24, வெள்ளிக்கிழமை, ஹர்த்தால் என்று அறிவித்தது. ஜார்ஜ் டவுனில் கடைகள் அடைபட்டன. கடையடைப்பாகத் தொடங்கிய மோதல் சீக்கிரமே சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் இடையிலான வெட்டுக்குத்தாக உருமாறியது. தீவிலிருந்து கடல் தாண்டிப் பெருநிலத்துக்கும் பரவியது. ஊரடங்கு போட வேண்டி வந்தது. அடங்குவதற்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தார்கள்.

வெட்டுப்பட்ட மலாய்க்காரர் யாருடைய பதினைந்து காசையும் எடுத்தவர் அல்லர். சீனரும் அப்படியே. நோட்டின் மதிப்பைக் குறைத்தவர்கள் வேறு ஊரில், வேறு கண்டத்தில் இருந்தார்கள். அந்தக் கோபம் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் காசு காசாகக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு மேசை இல்லாமல் போனபோது, கோபம் கைக்கெட்டிய ஆளைக் குற்றவாளியாக்கியது.

வெகுமக்கள் கோபம் என்று இன்று உலகெங்கும் பேசப்படுவதைப் பினாங்கில் நின்று பார்ப்பதுதான் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் பொருள். அந்தக் கோபத்தில் எப்போதும் இரண்டு பகுதிகள் உண்டு: என்ன இழந்தோம் என்ற கணக்கு; அதற்கு யார் காரணம் என்ற குற்றச்சாட்டு. கணக்கு பெரும்பாலும் உண்மை. குற்றச்சாட்டு பெரும்பாலும் தவறான வீட்டுக் கதவைத் தட்டுகிறது. எதிர்த்தரப்போடு பேச விரும்புகிறவர் வழக்கமாகக் குற்றச்சாட்டை மறுப்பதில் தொடங்குகிறார். கணக்கைக் காது கொடுத்துக் கேட்காமல் குற்றச்சாட்டை மறுப்பவரைக் கோபக்காரர் இன்னொரு எதிரியாகவே எழுதிக்கொள்கிறார்.

பினாங்கில் பிளவு எப்போதும் இனத்தின் வழியேதான் ஓடியது என்ற எண்ணமும் சரியல்ல. 1867 ஆகஸ்டில் ஏறத்தாழப் பத்து நாட்கள் இந்த நகரத்தைப் பற்றி எரியவைத்த கலவரத்தில் ஒரு பக்கம் கீ ஹின் என்ற சீனச் சங்கமும் வெள்ளைக் கொடி முஸ்லிம் சங்கமும் சேர்ந்து நின்றன. மறுபக்கம் துவா பெக் கோங் சீனச் சங்கமும் சிவப்புக் கொடி முஸ்லிம் சங்கமும். கொடிச் சங்கங்களில் மலாய்க்காரர்களும் இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் இருந்தார்கள். சீனரைச் சீனர் தாக்கினர், முஸ்லிமை முஸ்லிம் தாக்கினார். தாக்கியவரோடு தோள் சேர்ந்து நின்றவர் வேற்று இனத்தார். அந்தக் கலவரம் நடந்த லெபோ ஆர்மீனியன், லெபோ ஆச்சே பக்கம் இன்று படம் எடுத்துக்கொண்டு நடக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. யார் யாருக்கு எதிரி என்பதைப் பிறப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. தொழில், வட்டாரம், யார் பாதுகாப்பு கொடுக்கிறார், யார் கூலி கொடுக்கிறார் என்பவையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஒரு காலத்தில் வேறு விதமாக வரையப்பட்ட கோட்டை இன்னொரு காலத்தில் மாற்றி வரையவும் முடியும்.

அப்படி மாற்றி வரையப்பட்ட ஒரு காலம் இதே நகரத்தில் இருந்தது. அது போதுமான அளவு பேசப்படவில்லை.

1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் நகராண்மைக் கழகத்துக்குத் தேர்தல் நடந்தது. மலாயாவில் நடந்த முதல் தேர்தல் அதுதான். கூட்டரசுத் தேர்தல் 1955இல்தான் வந்தது. 1957 ஜனவரி முதல் நாள் ஜார்ஜ் டவுன் மாநகரமானது. அதன் முதல் மேயர் டி. எஸ். இராமநாதன், ஒரு தமிழர். தொழிற்கட்சியைச் சேர்ந்தவர். 1961 வரை அந்தப் பதவியில் இருந்தார். அவர் பெயரில் இங்கே ஒரு சாலையும் இருக்கிறது. இந்தியர்கள் சிறுபான்மையாக இருந்த ஊரில், சீனத் தொழிலாளர்களின் பேராதரவு பெற்ற கட்சியின் மேயராக ஒரு தமிழர் அமர்ந்தார் என்றால், அந்த வாக்குகளை இழுத்தது இனக்கணக்கு மட்டும் அல்ல என்பது தெளிவு. மாநகர மன்றத்தின் வேலை சாக்கடை, தண்ணீர், மின்சாரம், பேருந்து, சந்தை, குப்பை. இவற்றில் எதற்கும் இனம் கிடையாது. கோபத்தோடு வரும் ஒருவர் அங்கே தன் தெருவின் பெயரையும், எத்தனை நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கோபம் கணக்காக மாறுவதற்கு அதைவிட நல்ல இடம் வாய்ப்பது கடினம்.

அந்த மன்றத்தை அப்பழுக்கற்ற பொற்காலமாகக் காட்டுவது இந்த உரையின் நோக்கமல்ல. நகரம் மாநகரமான அதே வாரத்தில், கொண்டாட்ட ஊர்வலத்தை ஒட்டி இங்கே இனக்கலவரம் வெடித்தது. மன்றத்தின் நிர்வாகத்தில் முறைகேடுகள் என்று குற்றச்சாட்டுகளும் எழுந்தன. 1965இல் இந்தோனேசியாவோடு மோதல் உச்சத்தில் இருந்தபோது நாடு முழுவதும் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1966இல் ஜார்ஜ் டவுன் மாநகர மன்றத்தின் பொறுப்புகள் மாநில அரசின் கைக்குப் போயின. தொழிற்கட்சியிடமிருந்து மேசை பறிபோயிற்று.

அடுத்த ஆண்டுதான் ஹர்த்தால். தேர்தலால் கிடைத்த மன்றத்தில் அமர்ந்து பேசிப் பழகிய ஒரு கட்சி, அந்த மன்றத்தை இழந்த மறு ஆண்டே தெருவுக்கு இறங்கியது. ஒன்றுதான் மற்றொன்றுக்கு முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கட்சியின் தீவிரப் பிரிவு வலுத்ததும், தலைவர்கள் கைதானதும், உலக அரசியலின் காற்றும் சேர்ந்துதான் அந்த நாளை உண்டாக்கின. ஆனால் இரண்டு ஆண்டுகளையும் தனித்தனியாக எழுதி வைக்கும் வரலாறு ஒரு முக்கியமான கண்ணியை விட்டுவிடுகிறது.

உள்ளாட்சியை ஆராய 1965இல் அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவரும் ஒரு தமிழர்தான்: செனட்டர் ஆதி நாகப்பன். அவர் ஆணையம் 1968 டிசம்பரில் அறிக்கையை முடித்தது. தேர்தல்கள் மீண்டும் வரவேண்டும் என்பது அதன் தெளிவான பரிந்துரை. அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 1971இல். அதற்குள் 1969 மே 13 இனக்கலவரம் நடந்து முடிந்திருந்தது; அச்சம் நாட்டின் அரசியலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அரசு பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் உள்ளாட்சித் தேர்தல் என்ற ஏற்பாட்டையே நீக்கியது. இன்று பினாங்குத் தீவிலும் மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையிலும் மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள்.

மேசை அமைப்பதில் தமிழருக்கு இருக்கும் பங்கு இன்னும் முந்தையது. 1948இல் அவசரகாலம் தொடங்கி, மலாய்க்காரர்களும் சீனர்களும் ஒருவரையொருவர் அஞ்சிய நேரத்தில், 1949இல் சமூகங்களின் தொடர்புக் குழு ஒன்று உருவானது. மலாய்க்காரர் தரப்பில் டத்தோ ஓன் ஜாஃபார், சீனர் தரப்பில் டான் செங் லோக். அந்த ஆண்டு ஏப்ரலில் ஈப்போவில் வெடிகுண்டுத் தாக்குதலில் காயம்பட்டவர் டான் செங் லோக். இப்படிப்பட்டவர்கள் கூடிய அறைக்குத் தலைவராக அமர்த்தப்பட்டவர் இ. இ. சி. துரைசிங்கம், இலங்கைத் தமிழ் வழக்கறிஞர்.

அந்தக் குழுவின் நடைமுறை கவனிக்கத்தக்கது. பேச்சு மூடிய அறைக்குள் நடந்தது. பத்திரிகைக்காரர்கள் இல்லை. ஒவ்வொரு தரப்பும் மற்றவருக்குக் கசக்கும் கணக்கை எடுத்து வைத்தது. மலாய்க்காரர்கள் தங்கள் கிராமத்து வறுமையையும் வணிகத்தில் தங்களுக்கு இடமில்லாததையும் சொன்னார்கள். மற்றவர்கள், பிறந்த மண்ணில் குடியுரிமை இல்லாத நிலையைச் சொன்னார்கள். ஒரு தரப்பின் கணக்கை ஒப்புக்கொண்டால் தன் கணக்கு தோற்றுவிடும் என்று யாரும் முரண்டு பிடிக்கவில்லை. குடியுரிமை விதிகள் 1952இல் தளர்ந்ததற்கும், கிராமப்புற மேம்பாட்டுக்கென்று ரிடா என்ற அமைப்பு 1950இல் தொடங்கியதற்கும் அந்த அறையின் பேச்சு ஒரு தூண்டுகோல்.

குறை இல்லாமல் இல்லை. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் மேல்தட்டினர். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு தொழிலாளி கூட அந்த அறையில் இல்லை. அந்த விடுபடலின் வட்டியை ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு கட்ட வேண்டி வந்தது.

2007 நவம்பர் 25, கோலாலம்பூர். இந்து உரிமை அமைப்பான இண்ட்ராஃப் அழைத்த பேரணிக்கு ஆயிரமாயிரமாகத் தமிழர்கள் வந்தார்கள், பினாங்கிலிருந்தும் வந்தார்கள். கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பாய்ந்தன. பிரிட்டிஷ் அரசுமீது இண்ட்ராஃப் லண்டனில் தொடுத்த வழக்கு கேட்ட இழப்பீடு 4 டிரில்லியன் அமெரிக்க டாலர். அன்றைக்கு மலேசியாவில் பலர் அந்தத் தொகையைப் பார்த்துச் சிரித்தார்கள். அமைச்சர்கள் இண்ட்ராஃப் பயன்படுத்திய ‘இனஒழிப்பு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். டிசம்பர் 13 அன்று ஐந்து தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டார்கள்.

தொகையும் சொல்லும் மிகை. அவற்றின் அடியில் இருந்த கணக்கு மிகையல்ல. தோட்டங்கள் வீட்டுமனையாகவும் செம்பனையாகவும் மாறியபோது லட்சக்கணக்கான தமிழர்கள் வேலையோடு வீட்டையும் பள்ளியையும் கோயிலையும் ஒரே நாளில் இழந்தார்கள்; தோட்டத்தில் இவை நான்கும் ஒரே முதலாளியின் நிலத்தில் இருந்தன. நகரத்தின் ஓரத்தில் குடியேறியவர்கள் கட்டிய கோயில்கள் ‘பதிவில்லாதவை’ ஆயின. பேரணிக்குச் சில வாரங்கள் முன்பு, தீபாவளிக்குப் பத்து நாள் கூட இல்லாத நேரத்தில், ஷா ஆலாமின் பாடாங் ஜாவாவில் மகா மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்த மலையேற்ற வீரர் மூர்த்தி 2005 டிசம்பரில் இறந்தபோது, அவர் இஸ்லாத்துக்கு மாறியவர் என்று சமய அதிகாரிகள் சொல்ல, இந்து முறைப்படி இறுதிச்சடங்கு செய்ய மனைவி கேட்டும், சிவில் நீதிமன்றம் தனக்கு அதிகாரமில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. 4 டிரில்லியன் என்பது கணக்காளர் போட்ட தொகையல்ல. எவரும் கேட்டு வாங்காத அவமானத்துக்கு ஒருவர் தானே எழுதிக்கொண்ட விலை அது.

2008 மார்ச் 8ஆம் தேதி பொதுத்தேர்தலில் அந்தக் கோபம் வாக்குப்பெட்டிக்குள் போயிற்று. சுங்கை சிப்புட்டில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் சாமிவேலு தோற்றார். பினாங்கில் ஆட்சியே மாறியது. முதலமைச்சராக இருந்த கோ சூ கூனைப் பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் பேராசிரியர் பி. இராமசாமி தோற்கடித்தார். பிறகு மாநிலத்தின் இரண்டாம் துணை முதலமைச்சரானார்; அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்.

ஓராண்டு கழிந்தது. அதே கோபம், அதே தமிழர்கள், இந்த முறை எதிரில் இருந்தது அவர்களே வாக்களித்துக் கொண்டுவந்த அரசு. குளுகோர் பக்கம் கம்போங் புவா பாலா என்று ஒரு சிற்றூர். மாடும் ஆடும் வளர்த்துத் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள். பால் கறந்து நகருக்குக் கொண்டுபோன குடும்பங்கள். ‘தமிழ் ஹை சப்பரால்’ என்று அந்தக் கால ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரின் பெயரைச் சேர்த்து ஊரார் செல்லமாக அழைப்பார்கள். அந்த நிலம் முந்தைய மாநில ஆட்சியின் காலத்திலேயே ஓர் அரசு அதிகாரிகள் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கைமாறி, வீட்டு மேம்பாட்டாளரிடம் போயிருந்தது. ஊர்க்காரர்கள் கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். புதிய அரசு, இது பழைய அரசின் பாவம் என்றது. பழைய கட்சி, தடுக்காமல் விட்டது புதிய அரசின் துரோகம் என்றது. இரண்டு மாடி வீடு தருவதாகப் பேச்சு நடந்தது. சிலர் ஏற்றார்கள், சிலர் மறுத்தார்கள், ஏற்றவரும் மறுத்தவரும் ஒரே ஊருக்குள் இரண்டு கட்சியானார்கள். 2009 செப்டம்பரில் இயந்திரங்கள் வந்து வீடுகளை இடித்தன. இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள், அவ்வளவுதான். ஆனால் பினாங்குத் தமிழரிடம் அரசியல் பேச்செடுத்தால் அந்த ஊரின் பெயர் இன்றும் வரும்.

நீதிமன்றம் நிலத்தின் பத்திரத்தைப் பார்த்தது. கட்சிகள் பழியின் பத்திரத்தைப் பார்த்தன. பத்திரமில்லாத ஒன்றை இழந்தோம் என்று அந்த மக்கள் சொன்னதை எழுதிக்கொள்ள எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை. மாடு கட்டிய கொட்டகையை இரண்டு மாடி இணைப்பு வீட்டின் எந்தத் தளத்தில் கட்டுவது? இந்தக் கேள்வி முட்டாள்தனமாகத் தோன்றலாம். ஒரு குடும்பத்தின் தொழில் அதில்தான் இருந்தது. நில விற்பனைக்கு ஒப்புதல் தரும் முன்பே அந்த ஊரில் ஓர் உள்ளாட்சி உறுப்பினர் இருந்து, அவரை மக்கள் தேர்ந்தெடுத்தும் இருந்திருந்தால், இந்தக் கேள்வி இடிப்புக்கு ஐந்து ஆண்டு முன்னரே மேசைக்கு வந்திருக்கும்.

பேசப் போகிறவருக்கும் விலை உண்டு. இண்ட்ராஃப் தலைவர் வேதமூர்த்தி 2013 ஏப்ரலில், பொதுத்தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, தாம் எதிர்த்த ஆளும் கூட்டணியான தேசிய முன்னணியோடு ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். துணையமைச்சரானார். வாக்குறுதிகள் நிறைவேறவில்லை என்று 2014 பிப்ரவரியில் விலகினார். 2018இல் இன்னொரு கூட்டணி ஆட்சியில் ஒற்றுமைத் துறை அமைச்சரானார். இந்தப் பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவரைத் துரோகி என்று அழைத்தவர்கள் உண்டு. அவர் செய்தவை எல்லாம் சரி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் அறைக்குள் நுழைந்ததையே குற்றமாக்கும் ஒரு சமூகம் அடுத்த முறை அங்கே அனுப்ப ஆளில்லாமல் தவிக்கும்.

இதுவரை சொன்னது தமிழரின் கோபம். இந்த அவைக்குக் கேட்க எளிது. இனி வருவது மலாய்க்காரரின் கோபம்; அதைக் கேட்பது அவ்வளவு எளிதல்ல.

2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் இஸ்லாமியக் கட்சியான பாஸ் நாடாளுமன்றத்தில் தனிக்கட்சிகளிலேயே அதிக இடங்களைப் பிடித்தது. 1982 முதல் பெரும்பாலும் அன்வார் இப்ராகிம் குடும்பத்தின் கையிலிருந்த பெர்மாத்தாங் பாவில் அவர் மகள் நூருல் இஸ்ஸா தோற்றார். அந்தத் தொகுதியும் கெப்பாலா பத்தாஸும் தாசெக் குளுகோரும் பாஸ் இடம்பெற்ற பெரிக்காத்தான் நேசனல் கூட்டணியிடம் போயின. மூன்றும் செபராங் பிறையில் இருப்பவை. 2023 ஆகஸ்ட் 12 மாநிலத் தேர்தலில் பினாங்குச் சட்டமன்றத்தின் 40 இடங்களில் 11ஐப் பெரிக்காத்தான் பிடித்தது, பெரும்பாலானவை பெருநிலத்தில். பக்கத்துக் கெடாவில் 36இல் 33.

தமிழ் வீடுகளின் வாட்ஸ்அப் குழுக்களில் இதற்கு வந்த விளக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: மதவெறி. 2022 தேர்தலை ஒட்டி டிக்டாக்கில் மே 13ஐ நினைவூட்டி மிரட்டும் காணொளிகள் பரவியதும், காவல்துறை எச்சரிக்க நேர்ந்ததும் உண்மை. அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. அதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 2007இல் இண்ட்ராஃப் பேரணியைப் பார்த்து மற்றவர்கள் சொன்ன ஒற்றைச் சொல் ‘தீவிரவாதிகள்’ என்பதையும் தமிழர்கள் மறக்கக் கூடாது. ஒரு சொல்லில் அடைத்துவிட்டால் கணக்கைக் கேட்கும் வேலை மிச்சமாகிறது. அன்று தமிழருக்கு நடந்ததை இன்று தமிழர் இன்னொருவருக்குச் செய்கிறார்கள்.

அப்படிக் கேட்கப்படாத கணக்குகளில் ஒன்று: 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. மானியத்தை முறைப்படுத்துவது அவசியம் என்று பொருளாதார வல்லுநர்கள் பலரும் சொன்னார்கள். கடத்தலில் கரைந்த பணத்தைத் தடுக்க வேண்டியிருந்தது. அந்த வாதம் சரியானதே. ஒரே இரவில் பாதிக்கு மேல் உயர்ந்த விலை, பழைய பிக்கப் வண்டியில் காய்கறி ஏற்றுகிறவரின் கணக்கில் எப்படி விழுந்தது என்பது வேறு கேள்வி. அரசு உதவித்தொகைக்குப் பதிவு செய்யச் சொன்னது. பதிவு செய்யத் தெரிந்தவர், தெரியாதவர், தகுதி இருந்தும் பெயர் வராதவர் என்று கதைகள் பெருகின. ஒரு மாதம் முடிவதற்குள், ஜூலை 6 அன்று, செபராங் பிறையின் தெற்கே சுங்கை பாக்காப் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. பெரிக்காத்தான் தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டது. பெரும்பான்மையும் முந்தைய ஆண்டைவிடக் கூடியது.

டீசல் மட்டுமே காரணமென்று சொல்வது மிகை. குறைந்த வாக்குப்பதிவு, கட்சி அமைப்பு, மதம் எல்லாம் இருந்தன. ஆனாலும் 1967இன் எண்பத்தைந்து காசுக்கும் 2024இன் மூன்று ரிங்கிட் முப்பத்தைந்து காசுக்கும் உள்ள உறவு கண்ணில் படாமல் போகாது. சுங்கை பாக்காப்பில் கணிசமாகத் தமிழ் வாக்காளர்களும் உண்டு. பழைய தோட்டங்களின் பிள்ளைகள். அவர்கள் வண்டிக்கும் அதே டீசல்தான். ஒரே பம்பில் ஒரே விலை கொடுத்த இருவர் அந்த விலையைப் பற்றி ஒருவரோடொருவர் பேசவில்லை. இருவரும் தத்தம் வீட்டுக்குப் போய்த் தத்தம் மொழியில் மற்றவர் மேல் கோபப்பட்டார்கள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து தெற்கே லூசியானாவுக்கு ஐந்து ஆண்டுகள் போய் வந்து, தம் அரசியலுக்கு நேர் எதிரான மக்களோடு பழகி 2016இல் ஒரு நூல் எழுதினார். அவர் கண்டடைந்தது ஒரு வரிசை. மலையேறும் நீண்ட வரிசையில் பொறுமையாக நிற்பதாக அந்த மக்கள் தங்களை உணர்கிறார்கள். உச்சியில் நல்ல வாழ்வு. வரிசை நகரவில்லை. யாரோ முன்னால் புகுவதாகத் தோன்றுகிறது. புகவிடுவது அரசாங்கமே என்று எண்ணுகிறார்கள். அவர் அந்த எண்ணத்தை ஏற்கவில்லை. அந்த வரிசையில் நின்றால் எப்படி இருக்கும் என்பதை மட்டும் முழுதாகத் தெரிந்துகொண்டார்.

பினாங்கில் அந்த வரிசை இன்னும் சிக்கலானது. மெட்ரிகுலேஷன் இடத்திலும் அரசு வேலையிலும் மலாய்க்காரர் முன்னால் புகுவதாகத் தமிழர் நினைக்கிறார். தீவின் அடுக்குமாடிகளையும் கடைவீதிகளையும் பாலத்தின் மறுமுனையிலிருந்து பார்க்கும் செபராங் பிறை மலாய் இளைஞர், தன் நாட்டில் தனக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் போய்விட்டதாக நினைக்கிறார். 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் காலையில் அவரைப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகிறது, மாலையில் திருப்பி அனுப்புகிறது. அவர் வேலை செய்யும் தீவில் வீடு வாங்குவது அவர் சம்பளத்துக்கு எட்டாது. தமிழ் இளைஞருக்கும் எட்டாது. வரிசையில் இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு.

பேசினால் மாறுமா என்ற கேள்விக்கு ஓரளவு சோதித்துப் பார்த்த பதில் இருக்கிறது. டேவிட் புரூக்மேன், ஜோஷுவா கல்லா என்ற இரு ஆய்வாளர்கள் மயாமியில் வீடு வீடாகப் போய்ப் பேசுவதன் விளைவை அளந்து, 2016இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். திருநர் குறித்த வெறுப்பு அங்கே பேசுபொருள். ஏறத்தாழப் பத்து நிமிடப் பேச்சு. வந்தவர் வாதம் செய்யவில்லை, புள்ளிவிவரம் கொட்டவில்லை. வீட்டுக்காரர் எப்போதாவது மற்றவர்களிடமிருந்து வேறுபட்டதற்காக இழிவாக நடத்தப்பட்டதுண்டா என்று கேட்டார். சொன்னதைக் கடைசிவரை கேட்டார். அதனால் ஏற்பட்ட மனமாற்றம் குறைந்தது மூன்று மாதம் நிலைத்தது. எல்லோரும் மாறவில்லை. ஆனால் ஒரு தேர்தல் விளம்பரம் சாதிப்பதைவிட அது அதிகம்.

இதை இங்கே செய்வதற்குத் தமிழரிடம் ஒரு வசதி இருக்கிறது: மொழி. பினாங்குத் தமிழர் பெரும்பாலோர் மலாய் நன்றாகப் பேசுவார்கள். சந்தையிலும் பணிமனையிலும் அதே மொழியில்தான் வாழ்கிறார்கள். அந்த மொழியை இதுவரை அரசாங்கத்திடம் மனு கொடுக்கவும் பேரம் பேசவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். எதிர்க்கட்சிக்கு வாக்களித்த அண்டை வீட்டாரிடம் ‘உங்கள் மாதச் செலவில் எது தாங்க முடியவில்லை’ என்று கேட்கப் பயன்படுத்தியது குறைவு. 1977இல் பினாங்கில் தொடங்கிய அலிரான் போன்ற பல்லின அமைப்புகள் நெடுநாளாக இந்த வேலையைச் செய்கின்றன; ஆனால் அவை பெரும்பாலும் படித்தவர்களின் வட்டம். கோயில் நிர்வாகக் குழு, இளைஞர் மணிமன்றம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவற்றுக்குக் கம்பத்து மக்களிடம் போகும் கால்கள் இருக்கின்றன.

இந்தப் பேச்சில் முதலில் மதத்தை எடுக்க வேண்டாம் என்பது கோழைத்தனம் ஆகாது. கோயிலும் மசூதியும் பற்றிய பேச்சு தேவைப்படும் நாள் வரும். அந்த நாளில் பேச, அதற்கு முன் தண்ணீரையும் டீசலையும் பற்றி ஐம்பது முறை பேசிப் பழகியிருக்க வேண்டும்.

முதல் பேசுபொருளாக உள்ளாட்சித் தேர்தலையே எடுத்துக்கொள்ளலாம். அதில் இரு தரப்புக்கும் கசப்பு இருக்கிறது என்பதாலேயே அது நல்ல தொடக்கம். பினாங்கு மாநிலம் 2012இல் உள்ளாட்சித் தேர்தலுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2015 ஜனவரியில் பாஸ் தலைவர் ஹாடி அவாங், உள்ளாட்சித் தேர்தல் வந்தால் மே 13 போல இன்னொன்று நிகழலாம் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையைத் தமிழர்களும் சீனர்களும் ஆத்திரத்தோடு தள்ளினார்கள். அதன் அடியில் இருக்கும் கணக்கை யாரும் கேட்கவில்லை: நகரங்களில் வீடு வாங்க முடியாத, கடை வைத்திராத மலாய்க்காரர், நகர மன்றம் வாக்கெடுப்புக்குப் போனால் தனக்கு அங்கே இருக்கை இருக்காது என்று அஞ்சுகிறார். கம்போங் புவா பாலாவின் தமிழருக்கும் அதே அச்சம் இருந்தது. அவருக்கு நியமன மன்றத்திலும் இருக்கை கிடைக்கவில்லை. இந்த இரண்டு அச்சங்களையும் ஒரே மேசையில் வைத்தால், ஒதுக்கீட்டு இடங்கள், வட்டார எல்லைகள், எந்த மன்றத்துக்கு எவ்வளவு அதிகாரம் என்று பேச நிறைய இருக்கிறது. செபராங் பிறை மன்றத்துக்குத் தேர்தல் நடந்தால் அங்கே வலுவாகக் கேட்கப்போவது மலாய்க் கிராமங்களின் குரல்தான் என்பதையும் சேர்த்துப் பேசலாம்.

ஆதி நாகப்பன் ஆணையத்தின் அறிக்கை 1971 முதல் பொதுவெளியில் இருக்கிறது. அதன் பரிந்துரைகளை எளிய மலாயிலும் தமிழிலும் முப்பது பக்கத்துக்குள் சுருக்கி அச்சடிக்க ஓர் அறக்கட்டளையின் ஓராண்டு வட்டி போதும். பத்து நிமிடம் கேட்கப் பழகிய இளைஞர்கள், தமிழரும் மலாய்க்காரரும் இருவர் இருவராக, அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகட்டும். முதல் ஊர் சுங்கை பாக்காப்பாக இருக்கட்டும்.